பெரியவங்க மூளைல புது நியூரான் பொறக்குமா? டியூசன்ல ஒரு பையன் மடக்கிட்டான்

#1 டியூசன்_டீச்சர்
வணக்கம் மக்களே. நான் வீட்டு மொட்டமாடில பிளஸ் ஒன் பசங்களுக்கு பயாலஜி டியூசன் எடுக்கறேன், மொத்தம் பதினாலு பேரு. நேத்து நரம்பு மண்டலம் நடத்தறப்ப வழக்கம்போல "நியூரான் செத்தா செத்ததுதான், பொறந்தப்ப குடுத்த ஸ்டாக்க வச்சுத்தான் கடைசிவரைக்கும் ஓட்டணும்"னு சொல்லிட்டு அடுத்த பாராவுக்கு போய்ட்டேன். கடைசி வரிசைல ஒருத்தன், வாயே தொறக்க மாட்டான், எந்திரிச்சு "மிஸ், 78 வயசு வரைக்கும் ஆளுங்க மூளைல புது நியூரான உருவாக்குற செல் இருக்குன்னு 2025-ல கண்டுபிடிச்சிருக்காங்களே"ங்கறான். நாளைக்கு சொல்றேன்னு சமாளிச்சு அனுப்பிட்டேன். ராத்திரி உக்காந்து தேடுனா ஒரு குரூப் தினமும் 700 பொறக்குதுங்குது, இன்னொரு குரூப் 13 வயசுக்கு மேல ஒண்ணுகூட இல்லங்குது, ரெண்டுமே பெரிய ஜர்னல்ல வந்தது. எதத்தான் நம்பறது? தெரிஞ்சவங்க யாராவது புரியறமாதிரி சொல்லுங்க, அந்தப் பையன் விடமாட்டான்.

#2 வெட்டிப்பேச்சு
என் ஸ்டாக் பத்தாவது கணக்கு பரிட்சையோட தீந்துபோச்சு மேடம். 13 வயசு கட்சிக்கு என் ஓட்டு.

#3 ஓட்டக்காரன்_42
இதுல என்ன சந்தேகம்? ஓடுனா புது நியூரான் பொறக்கும், அது எப்பவோ நிரூபிச்சாச்சு. நான் மூணு வருசமா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடறேன், ஞாபகசக்தி அப்படியே தீட்டுன கத்தி மாதிரி இருக்கு. பசங்கள மொட்டமாடில உக்கார வைக்காம ஓடவிடுங்க டீச்சர்.

#4 லேப்_எலி
ஓட்டக்காரரே, நிரூபிச்சது சுண்டெலில. சுண்டெலிக்கும் உங்களுக்கும் நடுவுல நெறைய தூரம் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

நான் ஆறு வருசம் இதே வேலதான் பாத்தேன், எலி மூளைல புது நியூரான் எண்றது. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல எடத்த தெரிஞ்சுக்கணும். மொத்த மூளைலயும் பொறக்குதான்னு யாரும் சண்ட போடல. சண்டை ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதிக்குள்ள டென்டேட் கைரஸ்னு ஒரு மடிப்பு இருக்கே, அதுல. புது ஞாபகம் பதியறதுக்கு ஹிப்போகேம்பஸ் முக்கியம். குறுக்க வெட்டி மைக்ராஸ்கோப்புல பாத்தா டென்டேட் கைரஸ் அருவா வளைஞ்சமாதிரி தெரியும், அந்த அருவாவோட உள்விளிம்புல ஒரே ஒரு வரிசையா புதுசு பொறக்கும். எலிக்கு.

ஸ்பெயின்ல கஹால்னு ஒரு மேதை, 1906-ல நோபல் வாங்கினவர், வளந்த மூளைல நரம்புப்பாதை முடிஞ்ச கத, எதுவும் திரும்ப மொளைக்காதுன்னு எழுதி வச்சுட்டுப் போய்ட்டார். அவர் சொன்னா வேதம். நாம ஸ்கூல்ல படிச்சது அதோட மிச்சம்தான். அப்புறம் 1960-கள்ல அமெரிக்கால எம்ஐடில ஜோசப் ஆல்ட்மன்னு ஒருத்தர், கூட கோபால் தாஸ்னு ஒருத்தர். செல் ரெண்டா பிரியணும்னா டிஎன்ஏ-வ நகல் எடுக்கணும், நகல் எடுக்க தைமிடின் வேணும். இவங்க கதிரியக்கம் ஏத்துன தைமிடின எலிக்கு ஊசி போட்டாங்க. அந்த நேரத்துல எந்த செல் பிரியுதோ அது அத எடுத்துக்கும். அப்புறம் மூளைய சீவி, போட்டோ பிலிம்ல பூசற மருந்த ஸ்லைடு மேல தடவி, இருட்டுல வாரக்கணக்கா வச்சிருந்து டெவலப் பண்ணா, புதுசா பொறந்த செல்லு மேல மட்டும் கருப்பா புள்ளி புள்ளியா விழுந்திருக்கும். டென்டேட் கைரஸ்ல விழுந்திருந்துச்சு. 1965-ல பேப்பர் வந்துச்சு, யாரும் சீந்தல. அது நியூரானே இல்ல, நியூரானுக்கு துணையா பக்கத்துல இருக்கற க்ளையா செல்லா இருக்கும்னு ஒதுக்கிட்டாங்க. 1977-ல மைக்கேல் கப்லான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல போட்டு நியூரான்தான்னு காட்டுனார், அவரையும் மதிக்கல.

1985-ல யேல் யுனிவர்சிட்டி பாஸ்கோ ராகிச் 12 ரீசஸ் குரங்க பாத்துட்டு எங்கயும் இல்லன்னு எழுதுனார். அவர் அந்த ஃபீல்டுல பெரிய கை. அதோட கடையில ஷட்டர இறக்குன மாதிரி ஆகிப்போச்சு.

#5 கருப்பட்டி_காபி
லேப்_எலி ப்ரோ செம, கண்டினியூ பண்ணுங்க. அந்த ராகிச்சோட குரங்குல நெஜமாவே இல்லையா, இல்ல தெரியலையா?

#6 லேப்_எலி
ப்ரோ இல்ல தம்பி, அக்கா.

இருந்துச்சு. வேடிக்கை என்னன்னா 1999-ல ஹிப்போகேம்பஸ்ல இருக்குன்னு எழுதுன ரெண்டு பேர்ல ஒருத்தர் அதே ராகிச்தான். ஆனா கார்டெக்ஸ்ல, அதாவது மூளையோட வெளி மடிப்புல, புதுசு பொறக்குதுன்னு அதே வருசம் பிரின்ஸ்டன்ல எலிசபெத் கூல்ட் எழுதுனப்ப மட்டும் ஒத்துக்கவே இல்ல. அந்த விசயத்துல அவர் சொன்னதுதான் பின்னாடி நின்னுச்சு. எப்ப பாத்தாலும் அவர வில்லனா வச்சு கத சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆதாரம் கேட்டவர் அவர், கேக்கணும்ல.

இதுக்கு நடுவுல கதவ தொறந்தது ஒரு குருவி. நியூயார்க் ராக்கஃபெல்லர் யுனிவர்சிட்டில ஃபெர்னாண்டோ நாட்டிபாம் கேனரி குருவிய வச்சு வேல பாத்தார். ஆண் கேனரி வருசா வருசம் பாட்ட மாத்திக்கும். அந்தப் பாட்டுக்குன்னு மூளைல இருக்கற பகுதில வளந்த குருவிக்கும் புது நியூரான் சேருதுன்னு 1983-ல காட்டுனார். சிக்கடீன்னு இன்னொரு குருவி, மழைகாலத்துக்கு நாம மொளகா வத்தல் சேத்து வைக்கிற மாதிரி குளிர்காலத்துக்கு விதைய ஆயிரம் எடத்துல ஒளிச்சு வைக்கும், அதுக்கு அந்த இலையுதிர் காலத்துல ஹிப்போகேம்பஸ்ல புதுவரவு எகிறும்.

#7 வெட்டிப்பேச்சு
நான் சாவிய வச்ச எடத்த மறந்துட்டு ஒரு மணிநேரமா தேடறேன். குருவி நம்மள விட பெட்டர்.

#8 டியூசன்_டீச்சர்
அக்கா ரொம்ப நன்றி, நோட்டுல எழுதிக்கிட்டே படிக்கறேன். எலி குரங்கு குருவி சரி. மனுசனுக்கு எப்படி பாத்தாங்க? நமக்கு கதிரியக்க ஊசி போட முடியாதே.

#9 லேப்_எலி
ஒரே ஒரு தடவ நடந்துச்சு, அதுவும் வேற காரணத்துக்காக போட்ட ஊசி. புற்றுநோய் கட்டி எவ்ளோ வேகமா வளருதுன்னு பாக்க சில நோயாளிங்களுக்கு பிஆர்டியுன்னு ஒண்ணு ஏத்திருந்தாங்க, தைமிடினோட டூப்ளிகேட்னு வச்சுக்கோங்க, கதிரியக்கம் கிடையாது. ஸ்வீடன்ல பீட்டர் எரிக்சன் அவங்ககிட்ட சம்மதம் வாங்கி, இறந்தப்புறம் மூளைய பாத்தார், கூட கலிஃபோர்னியா சால்க் இன்ஸ்டிட்யூட் ஃப்ரெட் கேஜ். அஞ்சு பேரு. அஞ்சு பேருக்கும் டென்டேட் கைரஸ்ல பிஆர்டியு ஏறுன நியூரான் இருந்துச்சு. 1998. வயசானவங்க, சாகப்போறோம்னு தெரிஞ்சவங்க, அவங்க மூளைலயே புதுசு பொறந்திருக்கு. நான் இத மொத மொத படிச்சப்ப ஹாஸ்டல் ரூம்ல ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

ஆனா அஞ்சே பேரு. திரும்ப செய்யவும் முடியாது.

#10 கார்பன்_காப்பி
700 கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொல்றேன், இது நம்ம ஏரியா, பிசிக்ஸ்.

1950-கள்லயும் 60-கள் ஆரம்பத்துலயும் அமெரிக்கா ரஷ்யா எல்லாம் போட்டி போட்டு திறந்தவெளில அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்க. அதுல காத்துல கார்பன்-14 கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. 1963-ல ஒப்பந்தம் போட்டு திறந்தவெளி சோதனைய நிறுத்துனதும் கடலும் செடிகொடியும் இழுத்துக்க இழுத்துக்க அளவு எறங்கிட்டே வந்துச்சு. செடி அத எடுக்கும், செடிய மாடு தின்னும், ரெண்டையும் நாம திம்போம். ஒரு செல் பொறக்கறப்ப டிஎன்ஏ செய்யுதுல்ல, அந்த வருசம் காத்துல எவ்ளோ கார்பன்-14 இருந்துச்சோ அந்த விகிதம் அதுல பதிஞ்சிடும், அதுக்கப்புறம் மாறாது. அதாவது ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பொறந்த வருசம் முத்திரை குத்துன பர்த் சர்டிபிகேட். ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கால யோனாஸ் ஃப்ரிசேன் டீம் இத வச்சு மூளைய அளந்தாங்க. கார்டெக்ஸ் நியூரான் எல்லாம் ஆளோட வயசேதான் (ராகிச் ஜெயிச்ச எடம் இது). ஹிப்போகேம்பஸ்ல மட்டும் ஒரு பங்கு நியூரான் ஆளவிட இளசு. கணக்கு போட்டா ஒரு பக்க ஹிப்போகேம்பஸுக்கு நாளைக்கு 700. 2013 பேப்பர்.

700 பெருசா தெரியும். டென்டேட் கைரஸ்ல ஒரு பக்கம் சுமாரா ஒன்றரைக் கோடி நியூரான். வருசத்துக்கு ரெண்டரை லட்சம் வந்தா சதவீதம் 1.7. அவ்ளோதான்.

#11 கொய்யாமரம்
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 67 வயசு, பேங்க்ல இருந்து ரிட்டயர்டு. குண்டு வெடிச்சவன் போட்ட கழிவ வச்சு மூளைக்கு வயசு பாக்கறான் பாருங்க, ஆச்சரியமா இருக்கு. நான் 1950-கள் கடைசில பொறந்தவன், அப்ப என் தலைக்குள்ளயும் அந்த குண்டோட முத்திரை இருக்கணுமே?

#12 கார்பன்_காப்பி
இருக்கு சார். அளவு ஏறிட்டு இருந்த காலத்துல பொறந்திருக்கீங்க. பல்லு எனாமல்ல பாத்தாக்கூட பொறந்த வருசத்த கிட்டத்தட்ட சொல்லிடுவாங்க.

#13 கருப்பட்டி_காபி
அப்ப இருக்குன்னு முடிஞ்சுபோச்சே, 13 வயசுக்கு மேல இல்லன்னு சொன்னது யாரு?

#14 லேப்_எலி
அதுலதான் வயித்தெரிச்சல். 2018 மார்ச்சுல நேச்சர் ஜர்னல்ல வந்துச்சு, சான் ஃபிரான்சிஸ்கோ அல்வாரெஸ்-புய்யா டீம். அவர் யாருன்னு பாருங்க, நாட்டிபாம்கிட்ட குருவி மூளை படிச்ச ஆளு, சுண்டெலி மூளைல வேற எடத்துல புது நியூரான் நடந்து போறத காட்டுன ஆளு. பொறக்குதுன்னு சொல்லியே பேர் வாங்குனவர், மனுசனுக்கு வந்து இல்லங்கறார். சும்மா சொல்லல, கருவுல இருந்து வயசானவங்க வரைக்கும் 59 சாம்பிள். பொறந்தப்ப மொசுமொசுன்னு இருக்கு, ஒரு வயசுக்குள்ள சரியுது, 13 வயசுல அங்கொண்ணு இங்கொண்ணு, அதுக்கு மேல பூஜ்யம். அடுத்த மாசமே கொலம்பியா யுனிவர்சிட்டி டீம் 28 பேரு மூளைய பாத்துட்டு 79 வயசுலயும் இருக்குன்னு எழுதுச்சு. ஒரே மாசம் கேப்பு! எங்க லேப்ல அந்த வாரம் டீ குடிக்கப் போனா கூட இதே பேச்சுதான், ரெண்டு கட்சியா பிரிஞ்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னு என் கையால பட்ட ஒண்ண சொல்றேன்.

இளம் நியூரான அடையாளம் காட்டற புரோட்டீன் பேரு டபுள்கார்ட்டின், டிசிஎக்ஸ்னு சொல்வோம். எலில எப்படி எடுப்போம்னா, எலி நல்ல மயக்கத்துல இருக்கறப்பவே, இதயம் துடிச்சிட்டு இருக்கறப்பவே, அதுல ஊசி ஏத்தி மொதல்ல சலைன் விடுவோம். ஈரல் செவப்புல இருந்து வெளுத்துட்டே வரும், ரத்தம் போய்டுச்சுன்னு அர்த்தம். அடுத்து பாரஃபார்மால்டிஹைடு, செல்லு அழுகாம அப்படியே நிறுத்தி வைக்கிற ஃபிக்ஸேட்டிவ். அது உள்ள போனதும் வாலு ஒரு நடுங்கு நடுங்கி வெறச்சுக்கும். ரெண்டு மூணு நிமிசத்துல மூளை உள்ளயே ஃபிக்ஸ் ஆகிடும், வெளிய எடுத்தா அவிச்ச முட்டை மாதிரி கெட்டியா இருக்கும். சர்க்கரை தண்ணில போட்டு அது அடில எறங்கற வரைக்கும் வெச்சு, அப்புறம் உறையவச்சு 40 மைக்ரான்ல சீவுவோம். அந்த சீவல தண்ணில மெதக்கவிட்டு, ஸ்டேஷனரி கடைல விக்கிற பொடி பெயின்ட் பிரஷ்ஷால தூக்கி ஸ்லைடுல விரிக்கணும், கை நடுங்குனா சுருண்டுக்கும். டிசிஎக்ஸ் சாயம் ஏறுனா அந்த அருவா விளிம்புல பழுப்பா வரிசையா, ஒவ்வொண்ணும் மேல பாத்து கெளை விட்டு, நாத்து நட்ட வயல் மாதிரி இருக்கும். ஆறு சீவலுக்கு ஒண்ணுன்னு எடுத்து, கைல கிளிக்கர் வச்சு எண்ணுவோம், கோயில் வாசல்ல கூட்டம் எண்ணுவாங்களே அதே கிளிக்கர்.

ஒரு தடவ ஒரு எலி ராத்திரி தானா செத்துப்போச்சு. காலைல வந்து பாத்தேன், மனசு கேக்கல, சரி வீணாக்க வேணாம்னு மூளைய எடுத்து அப்படியே ஃபிக்ஸேட்டிவ்ல போட்டேன். இளம் எலி, கூட இருந்த எலிங்களுக்கெல்லாம் கிளிக்கர் தேயற அளவுக்கு டிசிஎக்ஸ். இதுக்கு? சாயமே ஏறல. மங்கலா அழுக்கு மாதிரி ஏதோ. அந்த எலிக்கு புது நியூரான் இல்லாம இல்ல, நான் லேட்டா வந்தேன்.

மனுச மூளை எல்லாமே லேட்டா வர்ற மூளைதான். இறந்து எத்தன மணிநேரம் கழிச்சு எடுத்தாங்க, அப்புறம் எத்தன நாள், சில சமயம் மாசக்கணக்கா வருசக்கணக்கா ஃபார்மலின்ல கெடந்துச்சு, எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். 2019-ல மாட்ரிட்ல மரியா யோரென்ஸ்-மார்ட்டின் டீம் இததான் செஞ்சு காட்டுனாங்க. ஒரே மூளைய துண்டு துண்டா எடுத்து, வேற வேற நேரம் ஃபிக்ஸேட்டிவ்ல ஊறவச்சுப் பாத்தா, கூட ஊறுன துண்டுல டிசிஎக்ஸ் காணாம போகுது. கவனமா எடுத்த சாம்பிள்ல 87 வயசு ஆளுக்கும் ஆயிரக்கணக்குல இருந்துச்சு.

#15 வெட்டிப்பேச்சு
ஒரு நிமிசம். இத உல்டாவாவும் சொல்லலாமே? சாயம் ஏறுனதெல்லாம் புது நியூரானா? வயசான செல்லுல அழுக்கு சேந்து அதுவே ஒளிரும்னு எங்கயோ படிச்சேன்.

#16 லேப்_எலி
அட, வெட்டிப்பேச்சுன்னு பேர வச்சுட்டு வெட்டியா பேசமாட்டேங்கறீங்களே. சரியான கேள்வி. லிப்போஃபுஸ்சின்னு பேரு, வயசான நியூரான்ல சேர்ற மஞ்சள் கசடு, லேசர் பட்டா தானா மின்னும், கண்ண ஏமாத்தும். அத மறைக்க சூடான் பிளாக் மாதிரி சாயம் போடுவாங்க, போட்டாலும் டிசிஎக்ஸ்ல ஒட்டறதுக்குன்னு நாம விடற ஆன்டிபாடி வேற எதுலயாவது ஒட்டிக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ டீம் திருப்பி கேட்டதும் இதான், டிசிஎக்ஸ் இருந்தா மட்டும் போதாது, செல்லு உருவம் இளசா இருக்கணும், பக்கத்துல பிரியற தாய் செல் இருக்கணும், புள்ளைய காட்டறீங்க தாய் எங்கன்னு. ஞாயமான கேள்வி. கார்பன் முறைக்கும் ஓட்டை உண்டு, அதுல செல்ல கண்ணால பாக்க முடியாது, மொத்தமா அரைச்சு சராசரிதான் வரும்.

இப்ப டீச்சரோட பையன் சொன்ன 2025 பேப்பருக்கு வரலாம். சயின்ஸ் ஜர்னல்ல வந்துச்சு, ஃப்ரிசேன் டீம்தான். அவங்க தேடுனது தாய. செல்லோட நியூக்ளியஸ தனித்தனியா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் எந்தெந்த ஜீன் வேல செய்யுதுன்னு ஆர்என்ஏ வச்சு படிக்கறாங்க. குழந்தைல தாய் செல் எப்படி இருக்கும்னு கத்துக்கிட்டு, அதே ஜாடை பெரியவங்ககிட்ட இருக்கான்னு கம்ப்யூட்டர விட்டு தேடவச்சாங்க. கெடச்சுது, அதுவும் டென்டேட் கைரஸ்லயே. ஆனா எல்லாருக்கும் இல்ல. சிலருக்கு நெறைய, சிலருக்கு ஏறக்கொறைய ஒண்ணுமே இல்ல. 2018-ல ரெண்டு கட்சி அடிச்சுக்கிட்டதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்கு தோணுது. ஆனா 2022-லயே இதே மாதிரி ஜீன் படிச்சு யேல் டீம் இல்லன்னும் பென்சில்வேனியா டீம் இருக்குன்னும் எழுதிருக்காங்க, அதனால பஞ்சாயத்து முடிஞ்சுதுன்னு எழுதித்தர மாட்டேன். என்னை கேட்டா இருக்கு, கொஞ்சம் இருக்கு.

#17 மூளை_டானிக்
நியூரான் வளர ஹெர்பல் கேப்சூல் 60 நாள் கோர்ஸ்...
[நெறியாளர்: விளம்பரம், மிச்சத்த நீக்கியாச்சு.]

#18 கொய்யாமரம்
லேப்_எலி அம்மா, ஒரு சொந்த கேள்வி. என் சம்சாரத்துக்கு அல்சைமர் ஆரம்பம்னு சொல்லிருக்காங்க. காலைல காபி போட்டு குடுத்துட்டு பத்து நிமிசம் கழிச்சு காபி போடட்டுமாங்கறா. நான் சரின்னு ரெண்டாவதும் குடிச்சிடறேன். மேல வந்த மாதிரி கேப்சூல் ஒண்ண சொந்தக்காரர் வேற வாங்கி குடுத்திருக்கார். இந்த புது நியூரான் ஆராய்ச்சில அவளுக்கு ஏதாவது இருக்கா?

#19 லேப்_எலி
ஐயா, ஒளிக்காம சொல்றேன். மாட்ரிட் டீம் அல்சைமர் வந்தவங்களையும் பாத்தாங்க, 45 பேரு. ஆரம்ப கட்டத்துலயே இளம் நியூரான் கொறஞ்சிருந்துச்சு, நோய் முத்த முத்த இன்னும் கொறையுது. ஆனா கொறஞ்சதால நோயா, நோயால கொறஞ்சுதான்னு அதுல இருந்து சொல்ல முடியாது. மனுசன் மூளைல புது நியூரான கூட்டி அல்சைமர திருப்புன மருந்து இன்னிக்கு எதுவும் கெடையாது. அந்த கேப்சூல டாக்டர்கிட்ட காட்டாம குடுக்காதீங்க, ஏற்கனவே சாப்பிடற மாத்திரையோட என்ன செய்யும்னு தெரியாது. ரெண்டாவது காபிய குடிச்சுக்கிட்டே இருங்க ஐயா.

#20 ஓட்டக்காரன்_42
எல்லாம் சரி, ஓட்டத்துக்கு வர்றேன்னு சொன்னீங்களே அக்கா, மறந்துட்டீங்களா?

#21 லேப்_எலி
மறக்கல, கிளிக்கர் இன்னும் கைலதான் இருக்கு.

1999-ல கேஜ் லேப்ல ஹென்ரியெட் வான் பிராக் செஞ்சது. கூண்டுல சக்கரம் போட்டா சுண்டெலி ராத்திரி முழுக்க ஓடும், யாரும் சொல்லவேண்டாம், கிலோமீட்டர் கணக்குல. ஓடுனதுக்கு புது நியூரான் ஓடாததவிட ரொம்ப அதிகம். மனுசங்கள்ல 2011-ல 120 வயசானவங்கள வச்சு பாத்தாங்க, ஒரு வருசம் நடந்தவங்களுக்கு ஹிப்போகேம்பஸோட முன்பகுதி 2 சதவீதம் பெருசாச்சு. ஆனா ஸ்கேன்ல தெரியறது சைஸ், நியூரான் இல்ல. ரத்தக்குழாய் கூடியிருக்கலாம், இருக்கற நியூரானோட கெளை தழைச்சிருக்கலாம். லண்டன் டாக்சி டிரைவருங்க கதையும் அதே, ரோடு மனப்பாடம் பண்ணவங்களுக்கு ஹிப்போகேம்பஸோட பின்பகுதி பெருசு, அத புது நியூரான்னு எழுதறவங்க அந்த பேப்பர படிக்கல. ஓடுங்க, உடம்புக்கு நல்லது, காரணத்த மட்டும் மாத்தி சொல்லாதீங்க.

இன்னொண்ணு, உங்களுக்கு பிடிக்காது. 2014-ல டொரான்டோ டீம் சுண்டெலிக்கு ஒரு பயத்த கத்துக்குடுத்துட்டு *அப்புறமா* சக்கரத்துல ஓடவிட்டாங்க. ஓடுன எலிக்கு அந்த பயம் மறந்துபோச்சு. புதுசு வந்து சேந்து பழைய கனெக்சன கலைச்சுடுது. பொறந்தவொடனே நெறைய நியூரான் முளைக்கிற எலிக்குட்டிக்கு கொழந்தப்பருவம் ஞாபகம் நிக்காது, ஆனா வளந்தே பொறக்கற கினிப்பன்றிக் குட்டிக்கு நிக்குது. நமக்கு ரெண்டு வயசுல நடந்தது ஏன் ஞாபகம் இல்லங்கறதுக்கு இது ஒரு பதிலா இருக்கலாம்.

#22 வெட்டிப்பேச்சு
அப்ப என் சாவி காணாமப்போனது வளர்ச்சியோட அறிகுறி. இத வீட்ல சொல்லி பாக்கறேன்.

#23 டியூசன்_டீச்சர்
மக்களே, கிளாஸ் முடிஞ்சு வர்றேன். எல்லாத்தையும் சொன்னேன், ஈரல் வெளுக்கறது வாலு நடுங்கறது வரைக்கும் (ரெண்டு பொண்ணுங்க முகத்த சுளிச்சாங்க). பரிட்சைல வந்தா புக்ல இருக்கறத எழுதுங்க, மார்க் போகக்கூடாதுன்னும் சொல்லிட்டேன், சொல்றப்ப எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. எல்லாம் கேட்டுட்டு அதே பையன் திரும்ப எந்திரிச்சான். "மிஸ், அந்த ஓடுன எலிக்கு என்ன வயசு?"ங்கறான். எனக்கு தெரியல அக்கா.

#24 லேப்_எலி
அய்யோ. இத என் வைவால கேக்காம விட்டாங்க!

ஒட்டுமொத்தமா இந்த ஃபீல்டுல ரெண்டு மூணு மாச எலிதான் ஓடுது. அது அப்பத்தான் வயசுக்கு வந்த எலி, நம்ம கணக்குல உங்க டியூசன் பசங்க மாதிரின்னு வச்சுக்கோங்க. அத வச்சுத்தான் "வளர்ந்த மூளை"ன்னு பேப்பர் எழுதறோம். நான் ரெண்டு வயசு கெழட்டு எலிய சீவிப் பாத்திருக்கேன், ஒரு சீவலுக்கு ரெண்டு மூணு தேறுனா பெருசு, நாத்தெல்லாம் கிடையாது. வான் பிராக்கே 2005-ல 19 மாச சுண்டெலிய ஓடவிட்டு பாத்தாங்க, ஏறுச்சு, ஆனா இளசு அளவுல பாதிக்குத்தான் வந்துச்சு. இத அவன்கிட்ட சொல்லிடுங்க. அப்புறம் அவன் என்ன கேக்கறான்னு இங்க வந்து போடுங்க டீச்சர், நான் இழைய ஃபாலோ பண்ணிட்டேன்.